உழவு இயந்திர முதலாளியின் நம்பிக்கையும் சம்பூர் மண்ணின் கேள்வியும்

மூதூர் கிழக்கில் மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் கமக்காரர் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. விதைநெல், உர மானியம், யானை வேலி என வழக்கமான விடயங்கள் பேசி முடிந்து, தேநீரும் வந்துவிட்டது. அப்போது பின்வரிசையில் இருந்த வயோதிபர் ஒருவர் எழுந்தார்.

"பாதர், எனக்கு ஒரு கேள்வி. பத்து வருசம் முகாமில கிடந்தம். நிலக்கரிக் கம்பனி வருகுது எண்டு சொல்லி எங்கட காணியை எடுத்தாங்க. பிறகு நிலக்கரி கூடாது, உலகம் சூடாகுது எண்டு சொல்லி அதை விட்டாங்க. இப்ப அந்தப் பக்கத்திலயே வெயிலில கரண்ட் எடுக்கப் போறாங்க. பெரிய பெரிய முதலாளிமாரெல்லாம் இனி உலகம் தப்பிரும் எண்டு பேசுறாங்களாம். உலகம் தப்பட்டும், சந்தோசம். எங்கட காணி தப்புமா?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று அந்த ஐயாவுக்கு முழுமையான பதில் சொல்லவும் முடியவில்லை. கொட்டகைக்கு வெளியே வேப்பமர நிழலில் ஒரு மஹிந்திரா உழவு இயந்திரம் நின்றிருந்தது. அதைப் பார்த்ததும், இந்தப் பேச்சை அந்த இயந்திரத்தின் பெயரிலிருந்தே தொடங்கலாம் என்று தோன்றியது.

முதலாளி என்ன சொல்கிறார்?

எண்ணிக்கையில் உலகிலேயே அதிக உழவு இயந்திரங்களை விற்கும் நிறுவனம் இந்தியாவின் மஹிந்திரா கம்பனி. அதன் தலைவர் ஆனந்த் மஹிந்திரா. 2018 செப்ரெம்பரில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் உலகக் காலநிலை நடவடிக்கை உச்சிமாநாடு நடைபெற்றபோது அதன் இணைத்தலைவர்களில் ஒருவராக அவர் இருந்தார். அமெரிக்க அரசு பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து விலகப் போவதாக அறிவித்திருந்த காலம் அது. அரசுகள் தயங்கினாலும் மாநிலங்களும் நகரங்களும் கம்பனிகளும் முன்னே செல்ல வேண்டும் என்பதே அம்மாநாட்டின் நோக்கமாக இருந்தது.

காலநிலையைக் காப்பது தருமம் செய்வதைப் போன்றதல்ல, அது வரப்போகும் காலத்தின் மிகப் பெரிய வணிக வாய்ப்பு என்பதே அவர் தொடர்ந்து கூறிவரும் வாதம். தமது குழுமம் 2040 ஆம் ஆண்டுக்குள் கரியமில வாயுக் கணக்கைச் சமன் செய்யும் என்று அவர் அறிவித்தார். அதற்கு முன்னதாக 2016 இலேயே அவருடைய கம்பனி தான் வெளிவிடும் கரியமில வாயுவுக்கு ஒரு தொன்னுக்கு 10 அமெரிக்க டொலர் என்று தனக்குத் தானே ஒரு விலையை விதித்துக்கொண்டது. புகைக்கும் ஒரு செலவு உண்டு என்று கணக்குப் புத்தகத்தில் எழுதிவிட்டால், அந்தச் செலவைக் குறைக்கும் வழியை முகாமையாளர்கள் தாமாகவே தேடுவார்கள். குடும்பத்தில் வெற்றிலை பாக்குச் செலவைத் தனியே எழுதி வைத்தால் அது குறைவது போலத்தான் இதுவும்.

இந்தப் பேச்சில் உண்மை உண்டா, அல்லது வியாபாரிகளின் மினுக்கப் பேச்சா? இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் பார்ப்போம்.

நம்பிக்கைக்குக் காரணம் உண்டு

2015 டிசம்பர் 12 அன்று பாரிஸ் நகரில் உலக நாடுகள் ஓர் ஒப்பந்தத்திற்கு வந்தன. கைத்தொழில் யுகத்திற்கு முன்னிருந்த நிலையோடு ஒப்பிடுகையில் பூமியின் சராசரி வெப்பம் 2 பாகை செல்சியஸுக்கு நன்கு கீழே நிற்க வேண்டும், இயன்றால் 1.5 பாகையோடு நிறுத்த வேண்டும் என்பதே அதன் இலக்கு. அந்த ஒப்பந்தத்திற்கு முன்னர், இந்த நூற்றாண்டின் முடிவில் வெப்பம் 3 பாகையைத் தாண்டும், 4 பாகையைக்கூடத் தொடலாம் என்று கணிக்கப்பட்டது. நாடுகள் தாம் கொடுத்த வாக்குறுதிகளை முழுமையாக நிறைவேற்றினால் அது 2.3 முதல் 2.5 பாகைக்குள் நிற்கும் என ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2025 இல் கணித்தது. இது போதாது என்றாலும், பத்து ஆண்டுகளில் பாதை திரும்பத் தொடங்கியிருப்பதை மறுக்க முடியாது.

இரண்டாவது காரணம் விலை. பெரிய சூரிய மின் நிலையத்தில் ஓர் அலகு மின்சாரத்தை உற்பத்தி செய்யும் செலவு 2010 க்குப் பின்னரான பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. பல நாடுகளில் புதிதாக ஒரு நிலக்கரி நிலையம் கட்டுவதைவிடச் சூரிய நிலையம் அமைப்பது மலிவு. முதலாளிமாரின் மனமாற்றத்திற்கு முதன்மையான காரணம் இந்த விலைதான் என்று சொன்னால் அவர்களே மறுக்கமாட்டார்கள்.

மூன்றாவது, உலகம் முன்பும் ஒரு முறை இப்படிச் சாதித்திருக்கின்றது. குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிகருவிகளிலும் பயன்பட்ட வாயுக்கள் ஓசோன் படையை அரித்தபோது, 1987 இல் மொன்றியல் உடன்படிக்கை செய்யப்பட்டது. முதலில் எதிர்த்த கம்பனிகளும் சட்டம் வந்த பின்னர் மாற்று வாயுக்களைத் தயாரித்து விற்றன. ஓசோன் படை இப்போது மெல்ல மெல்ல மீண்டு வருகின்றது.

எச்சரிக்கைக்கும் காரணம் உண்டு

வாக்குறுதி வேறு, செய்கை வேறு. நாடுகள் இப்போது உண்மையில் நடைமுறைப்படுத்தும் கொள்கைகளை மட்டும் கணக்கில் எடுத்தால் வெப்பம் 2.8 பாகைக்குப் போகும் என்று அதே அறிக்கை எச்சரிக்கின்றது. 2024 ஆம் ஆண்டே 1.5 பாகையைத் தாண்டிய முதலாவது ஆண்டாகப் பதிவாகிவிட்டது. அமெரிக்கா 2025 சனவரியில் பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து மறுபடியும் விலகுவதாக அறிவித்தது.

கம்பனிகளின் வாக்கும் காற்றடிக்கும் திசைக்கு அசைகின்றது. கரியமில வாயுவைச் சமன் செய்வதாக வாக்களித்து ஒன்றுசேர்ந்த வங்கிகளின் கூட்டணியிலிருந்து அமெரிக்காவின் பெரிய வங்கிகள் 2024 டிசம்பரிலும் 2025 சனவரியிலும் வரிசையாக வெளியேறின. அந்தக் கூட்டணி 2025 ஒக்ரோபரில் கலைந்தே போனது. பிரித்தானியாவின் பிபி எண்ணெய்க் கம்பனி 2025 பெப்ரவரியில் பசுமைச் சக்திக்கான முதலீட்டைக் குறைத்து, எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் முதலீட்டைக் கூட்டியது. இலாபம் காரணமாக வந்தவர் இலாபம் குறைந்தால் போய்விடுவார் என்பது சந்தைக்குப் போய்வந்த எவருக்கும் தெரிந்ததுதான்.

எனவே முதலாளியின் நம்பிக்கையை நாம் தள்ளிவிடவும் வேண்டியதில்லை, தலையில் தூக்கி வைக்கவும் வேண்டியதில்லை. வானம் கறுத்திருக்கின்றது என்று விதைக்கலாம். ஆனால் வாய்க்காலைத் துப்புரவாக்காமல் விதைப்பவர் கமக்காரர் அல்லர்.

சம்பூர் சொல்லும் பாடம்

இந்த உலகக் கதை முழுவதும் எமது கொட்டியாரக் குடாவின் கரையிலே நடந்து முடிந்திருக்கின்றது.

2006 ஏப்ரலில் தொடங்கிய குண்டுவீச்சினாலும் செல்வீச்சினாலும் சம்பூர்ப் பகுதி மக்கள் எழுந்து ஓடினார்கள். வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் அவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் தங்கினார்கள். 2006 இன் இறுதியிலேயே இந்தியாவின் தேசிய அனல் மின் கூட்டுத்தாபனத்துடன் திருகோணமலையில் நிலக்கரி மின் நிலையம் அமைப்பதற்கான புரிந்துணர்வு கைச்சாத்தானது. 2007 மே மாதத்தில் மூதூர் கிழக்கும் சம்பூரும் உயர் பாதுகாப்பு வலயம் என வர்த்தமானியில் வெளியிடப்பட்டன. 2011 இல் கூட்டுக் கம்பனி உருவானது. 250 மெகாவாற் வீதம் இரண்டு அலகுகள், மொத்தம் 500 மெகாவாற். அதற்கென சுமார் 500 ஏக்கர் காணி ஒதுக்கப்பட்டது. உரித்தாளிகள் தகரக் கொட்டில்களில் நிவாரண அரிசிக்காக வரிசையில் நின்ற காலத்தில் அவர்களுடைய வயலின் மேல் வரைபடம் வரையப்பட்டது.

2015 ஆகஸ்டில் கைத்தொழில் வலயத்திற்கென எடுக்கப்பட்ட 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. 2016 மார்ச்சில் கடற்படையினரிடமிருந்த 237 ஏக்கர் கையளிக்கப்பட்டது. நிலக்கரி நிலையத்தின் சாம்பலும் புகையும் பயிருக்கும் சுவாசத்திற்கும் என்ன செய்யும், இயந்திரங்களைக் குளிர்வித்துச் சூடேறிய நீர் குடாவின் மீனுக்கு என்ன செய்யும் என்று கேட்டு மக்கள் வீதியில் இறங்கினார்கள். சுற்றாடல் ஆர்வலர்கள் உயர் நீதிமன்றத்திற்குச் சென்றார்கள். 2016 செப்ரெம்பரில், அந்த நிலையம் கட்டப்படமாட்டாது என்று அரசு நீதிமன்றத்திற்கு அறிவித்தது.

நிலக்கரியை நிறுத்தியது எந்த முதலாளியின் நல்ல மனமும் அல்ல. மக்களின் குரல், நீதிமன்றம், மாறிவந்த உலக அபிப்பிராயம், மலிந்துவந்த சூரிய மின்சாரம் ஆகிய நான்கும் ஒன்றாகச் சேர்ந்தபோது அது நின்றது. பின்னர் இலங்கை 2021 இல் இனிப் புதிய நிலக்கரி நிலையங்கள் அமைப்பதில்லை என்று உலகத்திற்கு வாக்களித்தது. நுரைச்சோலையே நாட்டின் ஒரேயொரு நிலக்கரி நிலையமாக எஞ்சியது.

நிலக்கரி எரிக்க வந்த அதே இந்தியக் கூட்டுத்தாபனம் இப்போது சூரிய நிலையம் அமைக்க வந்திருக்கின்றது. முதற்கட்டம் 50 மெகாவாற், இரண்டாம் கட்டம் 70, மொத்தம் 120 மெகாவாற். 2025 ஏப்ரல் 5 அன்று இந்தியப் பிரதமரும் இலங்கை ஜனாதிபதியும் கொழும்பிலிருந்தே அதன் ஆரம்ப வைபவத்தை நடத்தினார்கள். ஒரு கம்பனி மாறலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. புகையில்லை, சாம்பலில்லை, குடாவுக்குச் சுடுநீரில்லை. இதை நாம் மனதார வரவேற்க வேண்டும்.

ஆனால் சூரியத் தகடுகளுக்கு நிலம் வேண்டும். 1 மெகாவாற்றுக்கு ஏறக்குறைய 4 முதல் 5 ஏக்கர் வரை தேவை. 120 மெகாவாற்றுக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். நிலக்கரிக்கென ஒதுக்கிய அளவுக்குக் கிட்டத்தட்ட அதே அளவு வரும். எரிபொருள் மாறிவிட்டது, காணிக் கேள்வி மாறவில்லை. அந்த ஐயா கேட்டதும் அதுதான்.

முத்துநகரின் கண்ணீர்

இந்தக் கேள்வி சம்பூரோடு நிற்கவில்லை. துறைமுகத்தைச் சூழவுள்ள பெருமளவு நிலம் 1980களில் துறைமுக அதிகார சபைக்கு உரியதாக்கப்பட்டது. அந்த நிலத்தில் பல பத்தாண்டுகளாக நெல் விளைவித்து வந்தவர்கள் முத்துநகர் விவசாயிகள். 2025 இல் அங்கே சுமார் 800 ஏக்கர் சூரிய மின் திட்டங்களுக்கென தனியார் கம்பனிகளுக்குப் போனது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வயலை இழந்தன. வயலோடு குளமும் போனது என்பது அவர்களின் முறைப்பாடு. 2025 செப்ரெம்பரில் அவர்கள் மாவட்டச் செயலகத்திற்கு முன்னால் சத்தியாக்கிரகம் இருந்தார்கள்.

யுத்தம் துரத்திய போது எதிரி யாரென்று தெரிந்தது. நல்ல காரியம் துரத்தும்போது யாரை நோவது? உலகத்தின் சூட்டைத் தணிப்பதற்கான திட்டம், அந்தச் சூட்டை மிகக் குறைவாக உண்டாக்கியவனின் அடுப்பை அணைத்துவிடக் கூடாது. உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் இலங்கையின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. அதிலும் ஒரு மானாவாரிக் கமக்காரனின் பங்கைத் தேட உருப்பெருக்கிக் கண்ணாடிதான் வேண்டும்.

மன்னாரிலும் இதே பாடந்தான். காற்றாலை தூய சக்திதான். ஆனால் தீவின் நீரோட்டமும் குடியிருப்பும் பாதிக்கப்படும் என்று மக்கள் 2025 இல் எதிர்த்து நின்றார்கள். அதே ஆண்டு பெப்ரவரியில் அதானி கம்பனி தனது மன்னார்த் திட்டத்திலிருந்து விலகியது. மின்சாரத்தின் விலையை அரசு மறுபரிசீலனை செய்ய முற்பட்டதன் பின்னரே அந்த விலகல் வந்தது. கம்பனிகள் விலையைப் பேசுகின்றன. மக்களின் சம்மதத்தைப் பேச வேண்டியவர்கள் நாம்தான்.

வேறு வழியில்லையா என்றால், உண்டு. நாட்டில் வீடுகள், பாடசாலைகள், தொழிற்சாலைகளின் கூரைகளில் பொருத்திய சூரியத் தகடுகளின் கொள்ளளவு மட்டும் 1000 மெகாவாற்றைத் தாண்டிவிட்டது. அதற்காக ஒரு பரப்பு வயலும் அழியவில்லை. தகடுகளை உயர்த்தி அமைத்து, இடைவெளியில் நிழல் தாங்கும் பயிர் செய்யும் முறையை இந்தியாவில் பரீட்சித்திருக்கிறார்கள். பயிர் செய்யாத தரிசு நிலங்களை முதலில் எடுக்கலாம். திட்டம் வேண்டாம் என்று சொல்லாமல், எங்கே, எப்படி என்று கேட்பது எமது உரிமை.

மாவிலாற்றின் இரண்டு வெள்ளங்கள்

"அப்படியென்றால் காலநிலை விடயம் எமக்கு வேண்டாத தலையிடி" என்று எவரும் முடிவு கட்டிவிட வேண்டாம். அது தவறான முடிவு.

2006 சூலையில் மாவிலாற்றின் மதகு மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வயல்கள் நீரின்றிக் காய்ந்தன. அதைத் தொடர்ந்த யுத்த வெள்ளம் மூதூரையும் ஈச்சிலம்பற்றையும் அடித்துச் சென்றது. 2025 நவம்பரில் வந்ததோ உண்மையான வெள்ளம். டித்வா புயல் நாட்டைத் தாக்கியபோது மகாவலி பெருகி, மாவிலாற்று அணைக்கட்டு உடைத்துக்கொண்டது. நாடு முழுவதும் 600 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெரும்போகத்திற்கு விதைத்துச் சில வாரங்களேயான இளம்பயிர் நீருக்குள் அழுகியது. முகாம் வாழ்க்கையை மறந்திருந்த பிள்ளைகள் மறுபடியும் பாடசாலைக் கட்டடங்களில் படுத்து எழும்பினார்கள்.

வெப்பம் 1 பாகை கூடும்போது காற்று ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலான ஈரத்தைத் தாங்குகின்றது. சூடான கடல் அந்த ஈரத்தைக் கொடுக்கின்றது. ஆகவே மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கின்றது, பெய்யாதபோது நிலம் வெடிக்கின்றது. கார்த்திகை மழையை நம்பி ஐப்பசியில் விதைத்த எமது முன்னோரின் கணக்கு இதனால்தான் பிழைத்துப் போகின்றது.

பிரேசிலின் பெலெம் நகரில் நடந்த உலகக் காலநிலை மாநாடு 2025 நவம்பர் 22 அன்று முடிந்தது. டித்வா கரையைத் தொட்டது நவம்பர் 28. இடையில் ஒரு வாரம்கூட இல்லை. அந்தப் புயல் இலங்கையில் ஏற்படுத்திய நேரடிச் சேதம் 410 கோடி டொலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. காலநிலையால் இழப்படையும் ஏழை நாடுகளுக்கு உதவவென 2022 இல் இணங்கப்பட்ட இழப்பு மற்றும் சேத நிதிக்கு, உலகம் முழுவதும் சேர்ந்து 2025 வரை வாக்களித்த தொகை சுமார் 80 கோடி டொலர். ஒரு சிறு தீவு ஒரு கிழமையில் இழந்ததில் ஐந்தில் ஒரு பங்குதான் அது. முதலாளிமாரின் நம்பிக்கைப் பேச்சில் இந்தக் கணக்கு பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. புகையைக் குறைப்பதில் இலாபம் உண்டு, அதனால் கம்பனிகள் வருகின்றன. உடைந்த அணையைக் கட்டுவதிலும் அழிந்த வயலுக்கு ஈடு கொடுப்பதிலும் இலாபம் இல்லை. அதை அரசுகளிடமிருந்து கேட்டுப் பெற வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

பெரிய மாநாடுகளில் எமக்கு ஆசனம் இல்லை. ஆனால் கிராமத்தில் செய்யக்கூடியவை இருக்கின்றன.

முதலாவது, காணிப் பத்திரங்கள். உறுதி, அனுமதிப்பத்திரம், பழைய வரிப் பற்றுச்சீட்டு, கமநல சேவை நிலையப் பதிவு ஆகியவற்றில் எது இருந்தாலும் பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். இடப்பெயர்வில் தொலைத்தவர்கள் பிரதேச செயலகத்திலும் காணிப் பதிவகத்திலும் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். திட்டம் வந்த பின்னர் தேடத் தொடங்கினால் நேரம் போதாது.

இரண்டாவது, தகவல். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, எந்தக் காணி எந்தக் கம்பனிக்கு எத்தனை வருடக் குத்தகைக்குக் கொடுக்கப்படுகின்றது என்று எந்தப் பிரசையும் எழுத்தில் கேட்கலாம். தமிழிலேயே எழுதலாம்.

மூன்றாவது, சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை. அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் 30 வேலை நாட்களுக்குள் கருத்துக்களை எழுத்தில் கொடுக்க வேண்டும். கமக்காரர் அமைப்பு, மீனவர் சங்கம், மாதர் சங்கம் மூன்றும் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுத்தால் அதன் பாரம் தனி.

நான்காவது, பங்கு. நிலத்தைக் கொடுக்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், மாற்றுக் காணி, தொழில், பயிற்சி, கிராமத்துக்கு மின்சாரம் என்பவற்றை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லுக்கு வழக்கில்லை.

ஐந்தாவது, வயல். குறுகிய கால நெல்லினங்களையும் பயிர்க் காப்புறுதியையும் பற்றிக் கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள். ஊர்க் குளக்கட்டையும் வாய்க்காலையும் மாரிக்கு முன்னர் சிரமதானமாகத் திருத்துங்கள்.

அந்த ஐயாவுக்கு

அந்த ஐயாவை நான் பிறகும் சந்தித்தேன். வயலில் வரம்பு கட்டிக்கொண்டிருந்தார். அன்று சொல்ல முடியாமல் போனதைச் சொன்னேன். "ஐயா, முதலாளி நம்பிக்கையோடு பேசுவது நல்லதுதான். அவருக்கு அதில் வியாபாரம் இருக்கின்றது, அதனால் ஓரளவுக்குச் செய்தும் காட்டுவார். ஆனால் உங்களுடைய காணியைப் பற்றி அவர் பேசமாட்டார். அதை நீங்கள்தான் பேச வேண்டும். நிலக்கரிக்கு எதிராக நீங்கள் பேசினீர்கள், நின்றது."

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சற்று யோசித்தார். "அப்ப கூட்டத்தை எப்ப வைக்கிறது பாதர்? அறுவடைக்குப் பிறகு எண்டா எல்லாரும் வருவாங்க" என்றார்.

அறுவடை முடிந்த முதலாவது ஞாயிறு பிற்பகலில் கூட்டத்தை வைப்பதாக முடிவு செய்தோம். பத்திரங்களின் பிரதிகளையும் கையோடு கொண்டு வரும்படி எல்லோருக்கும் சொல்லியிருக்கின்றோம்.